முன்பின் தெரியாதவர் எதிரே ஒரு தட்டு

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் ‘எம்ப்ரெஸ்’ சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டீலியா நிறுவனம் நடத்தும் அந்தக் கப்பல் 1990இல் கட்டப்பட்டது. வேறு பெயர்களில் அமெரிக்கப் பக்கத்துக் கடல்களில் ஓடிவிட்டு இந்தியாவுக்கு வந்தது. கப்பல் சுற்றுலா என்றால் நம் ஆட்களுக்கு நீச்சல் குளமும் ஆட்டம் பாட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகக் கப்பல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு வழக்கம் அதைவிட விசித்திரமானது. இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை. அதில் யார் யார் என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே நாற்காலி, அதே முகங்கள். காசு கொடுத்து ஏறியவர் யாரோடு சாப்பிட வேண்டும் என்பது அவர் கையில் இல்லை.

கெலமங்கலத்தில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே அன்றாடச் சமாசாரம். ஓசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள பேரூராட்சி அது. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் நிலையம் உண்டு. ஒரு பக்கம் ராயக்கோட்டைத் தக்காளி மண்டி, இன்னொரு பக்கம் தேன்கனிக்கோட்டைக் காடு, வடக்கே ஓசூர் சிப்காட். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். இப்போது அதில் இந்தியும் சேர்ந்துகொண்டது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இந்த வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறார்கள். ஐபோன் பாகங்கள் செய்யும் ஓசூர்ப் பக்கத்து ஆலையில் 60,000 பேர் வரை வேலை செய்வார்கள் என்றும், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் முதலில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்றும் 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். இவ்வளவு பேரும் மூன்று வேளை எங்கேயோ, யாரோடோ சாப்பிட்டாக வேண்டும்.

அப்படிச் சேர்ந்து சாப்பிடுவதால் என்ன ஆகிறது? பழக்கம் உண்டாகிறதா, வெறும் இடப்பற்றாக்குறைதானா? கப்பல் மேசைக்கும் ஆலை கேண்டீனுக்கும் நடுவே நூறாண்டு காலத் தமிழ்நாட்டுப் பந்திச் சண்டைகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் கப்பல். பழைய அட்லாண்டிக் கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்களும் நீண்ட மேசைகளில் வரிசையாகத்தான் சாப்பிட்டார்கள். நாற்காலிகள் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் யார் என்பது அதிர்ஷ்டம். இதிலிருந்து தப்பிக்க வழி செய்தது ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனம். 1905இல் கடலில் இறங்கிய ‘அமெரிக்கா’ கப்பலில், கூடுதல் காசு கொடுத்தால் தனி மேசையில், விரும்பிய நேரத்தில், விரும்பியதை வரவழைத்துச் சாப்பிடும் உணவகம் ரிட்ஸ்–கார்ல்டன் பெயரில் திறக்கப்பட்டது. பணக்காரர்கள் முதலில் வாங்கியது சுவையை அல்ல, தூரத்தை. 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் குறித்த நேரம், குறித்த மேசை என்ற கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. போட்டியாளர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று பெரும்பாலான கப்பல்களில் பழைய முறை, புதிய முறை இரண்டில் ஒன்றைப் பயணி தேர்ந்துகொள்ளலாம்.

மேசைக்குப் பயந்தவர்களில் உலகறிந்த ஒருவர் உண்டு. 1888 செப்டம்பரில் மும்பையிலிருந்து ‘கிளைட்’ கப்பலில் லண்டன் புறப்பட்ட மோகன்தாஸ் காந்திக்கு அப்போது 18 வயது. கத்தியும் முள்கரண்டியும் பிடித்துப் பழக்கமில்லை. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் கூச்சம். வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டு, உணவு மேசைப் பக்கமே போகாமல் நாட்களை ஓட்டியதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேசை என்பது சாப்பாட்டை மட்டும் வைக்கும் இடம் அல்ல. அங்கே ஒரு மொழியும் ஒரு பழக்கமும் தேர்வெழுதச் சொல்கின்றன. ஜார்க்கண்டிலிருந்து வந்து முதல் நாள் சாம்பாரையும் ரசத்தையும் வேறுபடுத்தத் தெரியாமல் தட்டோடு நிற்கும் பெண்ணின் நிலையும் அதுதான்.

தமிழர்கள் அதிகம் ஏறிய கப்பல் ‘ரஜூலா’. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அதில் அறைப் பயணிகள் ஒரு வகை, டெக் பயணிகள் இன்னொரு வகை. அறைக்காரர்களுக்கு உணவறை; டெக்கில் இருந்தவர்களுக்கு விரித்த பாயே படுக்கை, அதுவே பந்தி. முகம் தெரியாத எத்தனையோ ஊர்க்காரர்கள் ஒரு வாரம் நெருக்கியடித்துக்கொண்டு அங்கே சாப்பிட்டார்கள். அதை யாரும் சொகுசு என்று சொன்னதில்லை.

காலத்தின் வேடிக்கை, இப்போது சிலர் காசு கொடுத்து அந்நியர் மேசையைத் தேடிப் போகிறார்கள். லிஸ்பன் நகரில் தொடங்கிய ‘டைம்லெஃப்ட்’ என்ற செயலி 2023 முதல் புதன்கிழமைதோறும் முன்பின் தெரியாத ஆறு பேரை ஒரு மேசையில் சேர்த்து வைக்கிறது. பெங்களூரிலும் அதற்கு வாடிக்கையாளர்கள் உண்டு. மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அது கட்டணச் சேவை. இந்தப் பக்கம் மதியம் ஒரு மணிக்கு எந்த மெஸ்ஸிலும் இலவசம்.

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வட்டாரத்துச் சிறு ஹோட்டல்களில் இதற்கென்று எழுதாத விதிகள் இருக்கின்றன. நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் இருந்தால் மூன்றாமவர் வந்து, “ணா, இங்க ஆள் இருக்கா?” என்று கேட்பார். “இல்லண்ணா, உக்காருங்க” என்று பதில் வரும். கூடவே தண்ணீர் டம்ளரைத் தன் பக்கம் அரை அடி இழுத்துக்கொள்வார். அந்த அரை அடிதான் ஒப்பந்தம். கன்னடம் பேசும் சர்வர் என்றால் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று ஒரே வரியில் காரியத்தை முடித்துவிடுவார். பெங்களூரு காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில் மசால் தோசைக்குக் காத்திருக்கும் பேராசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மேசையில் உட்காருவதும் இதே அட்ஜஸ்ட்தான்.

பேச்சு எப்போது தொடங்கும்? பெரும்பாலும் தொடங்காது. ஆளுக்கொரு செல்போன் சாம்பார் வாளியின் மேல் சாய்ந்து நிற்கும். தொடங்கினால் முதல் கேள்வி, “எந்த கம்பெனி?” இரண்டாவது, “எந்த ஷிஃப்ட்?” பழைய பயணத் தமிழில் முதல் கேள்வி, “எந்த ஊர்?” என்றிருந்தது. ஊரைச் சொன்னதும், “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று அடுத்தது வரும். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கம்பெனிப் பெயர் முன்னால் வந்ததும் சாதி விசாரணை ஒரு படி தள்ளிப் போனது. தொழிற்பேட்டை செய்த நன்மைகளில் இது சின்னதல்ல. ஆனால் தள்ளித்தான் போனது, தொலையவில்லை.

ஏனென்றால், தமிழ்நாட்டில் பக்கத்து இலையில் யார் என்பது சாப்பாட்டு விவகாரமாக இருந்ததே இல்லை. அது அரசியல்; சில சமயம் போர்க்களம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர், சாமித்தோப்பை மையமாக வைத்துச் சமத்துவ சமாஜத்தை நடத்தினார். ஒரே கிணற்றில் குளிப்பதும் ஒரே பந்தியில் உண்பதும் அதன் அடிப்படை. 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். பசியோடு வருபவரிடம் சாதி கேட்பதில்லை என்ற ஏற்பாட்டோடு அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1917இல் கொச்சிச் சீமையின் செறாயில் ‘சகோதரன்’ ஐயப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார்த்திச் சாப்பிட வைத்தார். அதற்குப் பரிசாக ஊரார் அவருக்குப் ‘புலயன் ஐயப்பன்’ என்று பட்டம் கட்டினார்கள். அவர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

இவற்றில் எல்லாம் மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது சேரன்மாதேவிச் சண்டை. வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காக நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்படுகிறது என்ற செய்தி 1924–25இல் வெடித்தது. காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் பணமும் வாங்கிய இடத்தில் தனிப் பந்தியா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் இலை எங்கே விழ வேண்டும் என்ற விவகாரம் காந்தி வரை போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். பிற்காலத் தமிழ்நாட்டின் அரசியல் திசையைத் திருப்பிய காரணங்களில் ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டு ஏற்பாடும் ஒன்று. வேறெந்த மாநில வரலாற்றிலும் ஒரு பந்திக்கு இவ்வளவு எடை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு ரயில் நிலையம். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், மற்றவர் என்று இடம் பிரித்திருந்ததைச் சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து எதிர்த்தது; 1941இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. ஹோட்டல் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கும் போராட்டம் 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் மாதக்கணக்கில் நடந்தது. தினமும் தொண்டர்கள் வருவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் வருவார்கள். இவற்றுக்கு நடுவே அரசியல் சட்டத்தின் 15, 17 பிரிவுகளும் 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்து, ஹோட்டலில் யாரையும் தடுப்பதைக் குற்றமாக்கிவிட்டன.

சட்டம் கதவைத் திறந்தது. மேசை வரைக்கும் அது வந்து சேர்ந்ததா என்று இன்னும் சோதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தங்களை உட்கார விடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொளி 2021இல் பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி கிராமப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைச் சில பிள்ளைகள் தொடவில்லை, கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். கெலமங்கலத்துக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது 2024 பிப்ரவரியில். தருமபுரி மாவட்டம் மொரப்பூர் அருகே, தோட்ட வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்த இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். கெலமங்கலமும் 2004 பிப்ரவரி வரை அதே தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

அமைச்சர் வந்து பக்கத்தில் உட்காருவது நல்ல காரியம். ஆனால் அது ஒரு நாள் பந்தி. சுதந்திர தினமான ஆகஸ்ட் 15, அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 ஆகிய நாட்களில் கோயில்களில் நடக்கும் பொது விருந்தும் அப்படித்தான். மாவட்ட ஆட்சியர் உட்காருவார், படம் எடுப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் வரும். இலையை மடித்து எழுந்ததும் அவரவர் வழி அவரவருக்கு.

இங்கே பந்திக்கும் மேசைக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பந்தியில் எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்காருகிறோம். எதிரே இருப்பது பரிமாறுபவரின் வாளி. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் பாயசம் வரை போய்விடலாம். மேசை அப்படியல்ல, எதிரே ஒரு முகம் வந்துவிடுகிறது. நம் சீர்திருத்தக்காரர்கள் போராடிப் பெற்றது பக்கத்தில் உட்காரும் உரிமையை. முகம் பார்த்துச் சாப்பிடும் பழக்கத்தை ஹோட்டலும் ஆலையும் கொண்டுவந்து சேர்த்தன, அதுவும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக.

ஓசூரின் தொழில் வரலாற்றிலேயே இதற்கு அருமையான ஓர் உதாரணம் உண்டு. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலைக்கு அனுபவசாலிகளைத் தேடவில்லை. சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் படிப்பை முடித்த 17, 18 வயதுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்த்தது. வீட்டை விட்டு வெளியே ஒரு ராத்திரி தங்கியறியாத பிள்ளைகள். அவர்களை ஓசூரில் வீடெடுத்துச் சேர்ந்து தங்க வைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் போலத் தம்பதிகளையும் நிர்வாகம் அமர்த்தியது. வேறு வேறு ஊர், வேறு வேறு வீட்டுப் பழக்கம் கொண்ட பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள். அந்தத் தலைமுறைதான் பிறகு ஓசூரில் வீடு கட்டிக் குடியேறி நகரத்தின் முகத்தை மாற்றியது. நிறுவனத்தை உருவாக்கிய செர்க்ஸஸ் தேசாய்க்கு இது சமூகச் சீர்திருத்தம் அல்ல. நுணுக்கமான வேலைக்கு இளம் கைகள் வேண்டும் என்ற கணக்கு. ஆனாலும் பல மாநாடுகள் செய்யாததை அந்தக் கணக்கு செய்தது.

இப்போதைய ஆலைகளின் அளவு வேறு. இருநூறு பேருக்கு வளர்ப்புப் பெற்றோர் பார்க்கலாம். பல்லாயிரம் பேருக்குக் கேண்டீன் ஒப்பந்ததாரர்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 46ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்குக் கேண்டீன் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்து அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. பழைய சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் பொதுவாக இரண்டு ஏற்பாடுகள் காணப்படும். ஒன்று, ஒரே நேரத்தில் வேலையில் இருப்பவர்களில் 30 சதவீதம் பேராவது உட்கார இடம் வேண்டும். இரண்டு, கூடத்தில் ஒரு பகுதியைப் பெண்களுக்கென்று தடுத்து ஒதுக்க வேண்டும்.

முதல் விதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஷிஃப்டில் 1,000 பேர் என்றால் குறைந்தபட்சம் 300 நாற்காலி. ஆக, நாலு பந்தி. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி இடைவேளை என்றது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பெரும்பாலான இடங்களில் அந்தக் குறைந்தபட்சமே நடைமுறையும். அந்த அரை மணியில் லைனை விட்டு இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் ஆலை என்றால் மேலங்கியும் தொப்பியும் கழற்றி, சோதனை வாசலைத் தாண்டி, கைகழுவி, கியூவில் நின்று, தட்டு வாங்கி, இடம் தேட வேண்டும். திரும்பிப் போவதற்கும் அதே வரிசை. எதிரே இருப்பவர் பெயரைக் கேட்க மிச்சம் நேரம் எங்கே? அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது சாப்பாடு கடமையாகிவிடுகிறது.

இரண்டாவது விதி இன்னும் சிக்கலானது. பெண்களின் வசதிக்காக எழுதப்பட்டது; அந்தக் காலத்தில் தேவையாகவும் இருந்திருக்கும். ஆனால் இன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மின்னணு ஆலைகளில் பெண்களே பெருவாரி. வெளியே கடைத்தெருவில் நிலைமை அப்படியே எதிர்மாறு. சிறு ஹோட்டலின் பொதுக்கூடத்தில் தெரியாத ஆண்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். ‘ஃபேமிலி ரூம்’ என்று ஒரு மூலை இருக்கும். தனியாக வரும் பெண் குடும்பமா இல்லையா என்று சர்வருக்கே குழப்பம். கடைசியில் பார்சல். அந்நியர் மேசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஆண்களின் மேசையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலில் தனியாக வரும் பெண்களுக்கு எட்டுப் பேர் மேசை ஒரு பாதுகாப்பு. பேருந்து நிலைய ஹோட்டலில் அதே மேசை சங்கடம்.

விடுதிச் சாப்பாடு கெட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் தரம் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் போராட்டத்தைக் கட்டியது சங்க அலுவலகம் அல்ல, ஒரே கெட்ட சோற்றைச் சேர்ந்து சாப்பிட்டவர்களின் கோபம். மேசை நட்பை மட்டுமல்ல, கூட்டத்தையும் உண்டாக்கும். நிர்வாகங்கள் இதை அறியாமல் இல்லை.

நிர்வாகத்துக்கே மேசை பயன்பட்ட கதையும் உண்டு. 1983இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய மாருதி, ஜப்பானிய சுசுகியின் பழக்கப்படி அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன், ஒரே கியூ என்று வைத்தது. அதிகாரிகளுக்குத் தனி உணவறை என்பது அதுவரை இந்திய ஆலைகளில் கேள்வி கேட்காத ஏற்பாடு. முதலில் முணுமுணுத்தவர்கள் அதிகாரிகளே. பின்னாளில் அதே நிறுவனம் கடுமையான தொழிலாளர் மோதல்களையும் கண்டது. ஒரே கியூ எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கும் மாருதிதான் சாட்சி.

ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் நிஃபின் குழு ஒரு பெருநகரத்தின் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015இல் எழுதியது. சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நிலையங்களின் வேலைத்திறன் உயர்வாக மதிப்பிடப்பட்டிருந்தது. சேர்ந்து சாப்பிடாத நிலையத்துக்காரர்கள் அதைச் சொல்லவே வெட்கப்பட்டார்களாம். சேர்ந்து உண்பதால் ஒற்றுமையா, ஒற்றுமை இருப்பதால் சேர்ந்து உண்கிறார்களா என்ற கேள்வியை அந்த ஆய்வு முழுதும் தீர்க்கவில்லை.

அதைவிட நமக்கு நெருக்கமானவை இரண்டு இந்திய ஆய்வுகள். இரண்டும் சாப்பாட்டைப் பற்றியவை அல்ல, ஆனால் மேசைக்கு நேராகப் பொருந்துகின்றன. மேட் லோ உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பல சாதி இளைஞர்களைச் சேர்த்து ஒரு மாத கிரிக்கெட் போட்டிகள் நடத்தி 2021இல் முடிவை வெளியிட்டார். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் நின்றவர்களிடம் அந்த நன்மை இல்லை. கௌதம் ராவ் டெல்லித் தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு வந்தபின், சில பள்ளிகள் படிப்புக் குழுக்களைப் பெயரின் எழுத்து வரிசைப்படி பிரித்தன. அந்தத் தற்செயலால் ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்த பணக்காரப் பிள்ளைகளிடம் பாரபட்சம் குறைந்தது, தாராளம் கூடியது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. எழுத்து வரிசை தேர்ந்தெடுத்தது.

கப்பல்காரர்களின் பழைய மேசை வேலை செய்ததும் இதே காரணத்தால்தான். முதல் நாள் இரவு எல்லோரும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் தட்ப வெப்பம் பற்றிப் பேச்சு. மூன்றாம் நாள் யாராவது வரவில்லையென்றால், உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறார்கள். தேர்வு செய்யாத அதே முகங்கள், அவசரமில்லாத நேரம், மேசையில் எல்லோருக்கும் ஒரே தகுதி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்நியர் மேசை பலன் தரும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் நாற்காலிப் பங்கீடு. சிறு ஹோட்டலில் தகுதி சமம், ஆனால் முகங்கள் தினமும் மாறுகின்றன. பொது விருந்தில் நேரம் உண்டு, ஆனால் வருஷத்துக்கு இரண்டு நாள். ஆலைக் கேண்டீனில் மட்டும் அதே முகங்களும் சம தகுதியும் ஏற்கெனவே இருக்கின்றன, இல்லாதது நேரம்.

மொழிவாரியாக மேசைகள் பிரிவது அடுத்த சிக்கல். இடத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் ஒடியா பேசுகிறவர் ஒடியாக்காரர் பக்கமும், தருமபுரிக்காரர் தருமபுரிக்காரர் பக்கமும்தான் போவார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் புரியாத மொழியில் கட்டளை கேட்டவர் சாப்பிடும்போதாவது தாய்மொழியில் நாலு வார்த்தை பேச விரும்புவார். ஆனால் வாரம் ஒருநாள் லைன்வாரியாக, கலந்து உட்காரும் ஏற்பாடு செய்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டாயப்படுத்தினால் கெட்டுப்போகும் என்பதும் உண்மை.

மேசையைப் பிரிக்க இன்னொரு சாக்கும் இப்போது வளர்ந்து வருகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி மெஸ் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்பு வந்தபின் எடுக்கப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடி விடுதி உணவகத்தில் சில மேசைகள் சைவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. அங்கே உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். முரளி கஃபே பலகையை அழித்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு, படித்தவர்கள் கூடும் இடத்தில் மேசைக்கு மறுபடி பலகை வந்தது. தட்டில் என்ன இருக்கிறது என்பது அவரவர் உரிமை. பக்கத்துத் தட்டில் என்ன இருக்கக்கூடாது என்று சொல்வது வேறு விவகாரம். கெலமங்கலம் கடைகளில் களி உருண்டைக்குக் கீரைக்குழம்பு வாங்கியவரும் கறிக்குழம்பு வாங்கியவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எந்தக் குடியும் மூழ்கிவிடவில்லை.

அந்நியரோடு அமர்ந்து உண்ண நல்ல மனசு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது எளிது. சேரன்மாதேவியிலிருந்து டைட்டன் வரை பார்த்தால், மனசைவிட அதிகம் வேலை செய்தது ஏற்பாடு: யார் எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம், யார் சமைப்பது, யார் முடிவெடுப்பது. தொழிற்சாலைச் சட்டம் கேண்டீன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தந்தது. உணவின் தரம், அளவு, பட்டியல் மட்டுமல்ல, சாப்பாட்டு நேரமும் அந்தக் குழு பேச வேண்டிய விஷயம். குழு இருக்கும் ஆலைகளிலும் பேச்சு பெரும்பாலும் சாம்பாரின் தண்ணீர்த் தன்மையோடு முடிந்துவிடுகிறது. புதிய சட்டத் தொகுப்புக்கு ஏற்ப ஆலைகள் தங்கள் ஏற்பாடுகளைத் திருத்தியமைக்க வேண்டிய காலம் இது. அடுத்த கூட்டத்தில் ஓசூர், கெலமங்கலம் வட்டாரத்துத் தொழிலாளர் பிரதிநிதிகள் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கலாம்: அரை மணி இடைவேளையை முக்கால் மணி ஆக்குங்கள், குழுவில் ஓர் இடத்தை வெளிமாநிலப் பெண் தொழிலாளிக்கு ஒதுக்குங்கள்.